பூங்காவில் ஓடும் பன்னிரண்டாம் எண் என்ஜின்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ப்ளூ ரிட்ஜ் மலைப்பகுதியில், பூன் என்ற ஊருக்கும் ப்ளோயிங் ராக் என்ற ஊருக்கும் நடுவே 'ட்வீட்சி ரயில்ரோடு' என்றொரு கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. ராட்டினம் உண்டு, மிட்டாய்க் கடை உண்டு, துப்பாக்கி வெடித்து விழுந்து எழும் கௌபாய் வேடக்காரர்கள் உண்டு. இவற்றின் நடுவே, மூன்று மைல் வட்டப் பாதையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சுற்றிவருகிறது 12ஆம் எண் நீராவி என்ஜின். அது 1917இல் பால்ட்வின் தொழிற்சாலையில் பிறந்தது. 33 ஆண்டுகள் ஓர் அசல் மலை ரயிலில் உழைத்தது. பூங்காவில் ஓடத் தொடங்கியது 1957இல். அதாவது, சரக்கையும் சனங்களையும் இழுத்த காலத்தைப் போல் இரண்டு மடங்கு காலம் அது சுற்றுலா வந்தவர்களை இழுத்திருக்கிறது.

ரயில் அன்பர்கள் இந்தக் கணக்கை அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர்களுக்கு அந்த முதல் 33 ஆண்டுதான் என்ஜினின் வாழ்க்கை. மிச்சமெல்லாம் பிழைப்புக்காகப் போட்ட வேஷம். பழைய ரயில்களை உள்ளன்போடு நேசிப்பவர்கள் உலகம் முழுவதும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த நினைப்பில் நியாயம் இருக்கிறது, ஆனால் முழு நியாயம் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். பூங்கா வாழ்க்கை அந்த என்ஜினுடைய வரலாற்றின் பெரும்பகுதி. அன்பர்களின் பாசம் அங்கேயும் திரும்பியாக வேண்டும்.

முதலில் அந்த மலை ரயிலைப் பார்ப்போம். ஈஸ்ட் டென்னசி அண்டு வெஸ்டர்ன் நார்த் கரோலினா ரயில்ரோடு என்பது அதன் நீண்ட பெயர். 1866இல் உரிமம் பெற்ற கம்பெனி, பணமில்லாமல் பல ஆண்டு தள்ளாடி, 1882இல்தான் டென்னசியின் ஜான்சன் சிட்டியிலிருந்து வட கரோலினாவின் க்ரான்பெரி இரும்புச் சுரங்கம் வரை 34 மைலுக்குத் தண்டவாளம் போட்டு முடித்தது. மூன்றடி அகலமே கொண்ட நேரோகேஜ் பாதை. டோ ஆறு பாறையை அறுத்துக்கொண்டு ஓடும் பள்ளத்தாக்கில், ஒரு பக்கம் செங்குத்துச் சுவர், மறுபக்கம் தண்ணீர் என்று ஒட்டிக்கொண்டு போகும் வழி அது. அகலப் பாதை போட்டிருந்தால் அந்தப் பாறையை இன்னும் எவ்வளவோ வெட்ட வேண்டியிருக்கும். வளைவுகளும் இவ்வளவு இறுக்கமாக அமைய முடியாது. ஏழை மலைப்பகுதிக்கு ரயில் வர வேண்டுமென்றால் அது ஒடுங்கிய ரயிலாகத்தான் வர முடியும்.

இரும்புத் தாதுக்காக வந்த ரயில் பிறகு மரத்துக்காக மேலும் உள்ளே போனது. லின்வில் ரிவர் ரயில்வே என்ற துணைக் கம்பெனியின் மூலமாக 1919 வாக்கில் பூன் வரை எட்டியது. அந்த விரிவாக்க காலத்தில் வாங்கப்பட்டவைதான் பால்ட்வினின் பத்துச் சக்கர என்ஜின்கள்: முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவே இழுக்கும் சக்கரம் ஆறு. 12ஆம் எண் அவற்றில் ஒன்று. கோடை விடுமுறைக்கு மலைக்கு வந்தவர்கள் இந்த என்ஜின்களின் கீச்சென்ற விசிலைக் கேட்டு ரயிலுக்கே 'ட்வீட்சி' என்று செல்லப் பெயர் வைத்துவிட்டார்கள். கம்பெனியின் நீண்ட பெயரை யாரும் சொல்லவில்லை.

இந்த ரயிலை ஏன் இத்தனை பேர் இன்றும் நினைக்கிறார்கள் என்பதற்கு விசில் மட்டும் காரணமாகாது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அந்த மலைகளில் காசு அறவே வற்றிப்போனது. அப்போது ரயில்காரர்கள் டிக்கெட் வாங்க வழியில்லாதவர்களையும் ஏற்றிக்கொண்டார்கள். நகரத்துக்குப் போகிறவர்கள் என்பதால் மலைக் குடும்பங்கள் கொடுத்தனுப்பும் சாமான் சீட்டை வாங்கிக்கொண்டு, கடையில் பொருளை வாங்கி, திரும்பும்போது வழியில் இறக்கிக் கொடுத்தார்கள். சை க்ரம்லி என்ற கண்டக்டரின் பெயர் அந்த வட்டாரத்தில் இன்றும் மரியாதையோடு சொல்லப்படுகிறது. கம்பெனிக் கணக்கில் வராத இந்த உழைப்பால் அது ஊராருக்குச் சொந்த ரயிலானது. பிறகு வந்த போர்க்காலத்தில் எலிசபெத்டனின் ரேயான் ஆலைகளுக்கு ஷிஃப்ட் தொழிலாளர்களைக் கொண்டு போய்ச் சேர்த்ததும் இதே பாதைதான்.

அழிவு வெள்ளமாக வந்தது. 1940 ஆகஸ்டில் பெய்த மழையில் பூன் பக்கத்துப் பாதை பல இடங்களில் அடித்துக்கொண்டு போயிற்று. லாரியும் கார்களும் வந்துவிட்ட காலத்தில் அதைத் திரும்பக் கட்ட யாருக்கும் துணிவில்லை. க்ரான்பெரி சுரங்கம் அதற்குப் பத்தாண்டு முன்பே மூடியிருந்தது. எஞ்சிய நேரோகேஜ் 1950 அக்டோபர் 16 அன்று கடைசி ஓட்டம் ஓடியது.

12ஆம் எண்ணின் உடன்பிறப்புகள் என்ன ஆயின? 10, 14 ஆகிய இரண்டையும் 1942இல் அமெரிக்க ராணுவம் அலாஸ்காவுக்குக் கொண்டுபோனது. வொயிட் பாஸ் அண்டு யூகான் என்ற மலை ரயிலில் போர்ச் சரக்கு இழுக்க என்ஜின் போதாமல் தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கே லோகோ ஷெட்டில் தீப்பிடித்து இரண்டும் சேதமாயின. பிறகு பழைய இரும்பாக விற்கப்பட்டன. 9, 11 ஆகியவை ஊரிலேயே இருந்து வெட்டுக்குப் போயின. அந்த ரயிலின் நேரோகேஜ் என்ஜின்களில் இன்று உலகில் இருப்பது 12 மட்டுமே.

அது தப்பியதற்கு முதற்காரணம் ரயில் அன்பர்கள்தான். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வர்ஜீனியாவைச் சேர்ந்த ஒரு சிறு குழுவினர் தம் சொந்தப் பணத்தைப் போட்டு அந்த என்ஜினையும் சில பெட்டிகளையும் வாங்கி, ஹாரிசன்பர்க் அருகே ஷெனண்டோவா சென்ட்ரல் என்ற பெயரில் ஒரு குட்டிச் சுற்றுலா ரயில் தொடங்கினார்கள். 1953இல் ஓட ஆரம்பித்தது. 1954 அக்டோபரில் ஹேசல் சூறாவளி வந்து பாதையை அரித்துவிட்டது. ஒரே என்ஜினை இரண்டாம் முறையாகத் தண்ணீர் துரத்தியது. அன்பர்களிடம் ஆர்வம் வற்றவில்லை, பணம் வற்றிவிட்டது.

அடுத்து வந்தவர் பாடும் கௌபாய் நடிகர் ஜீன் ஆட்ரி. கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோய்ச் சினிமாவில் பயன்படுத்தலாம் என்று வாங்கும் உரிமையைப் பெற்றிருந்தார். கொண்டுபோகும் செலவும் பழுதுபார்க்கும் செலவும் கட்டுப்படியாகவில்லை. அந்த நேரத்தில் ப்ளோயிங் ராக்கைச் சேர்ந்த வியாபாரி க்ரோவர் ராபின்ஸ் அவரிடம் போய், ஒரு டாலருக்கு அந்த உரிமையை வாங்கிக்கொண்டார். என்ஜின் வட கரோலினாவின் ஹிக்கரிக்கு வந்து, கரோலினா அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் பட்டறையில் செப்பனிடப்பட்டது. 1957 ஜூலை 4 அன்று ஒரு மைல் பாதையில் ஓடத் தொடங்கி, அடுத்த ஆண்டில் மூன்று மைல் வட்டம் முழுமையானது. பழைய ரயில் வந்து முடிந்த பூன் நகரத்திலிருந்து அந்த இடம் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். என்ஜின் தன் மண்ணுக்கே திரும்பியிருந்தது.

ராபின்ஸ் ரயில் ஆய்வாளர் இல்லை. சுற்றுலாவை நன்றாகப் படித்தவர். வெறும் ரயிலைச் சுற்றிக் காட்டினால் ஒரு முறை வருவார்கள், கதையோடு காட்டினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப வருவார்கள் என்று கணித்தார். 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கௌபாய் தொடர்கள் கொடிகட்டிப் பறந்த நேரம். எனவே ரயிலைக் கொள்ளையர் மறிப்பதும், அமெரிக்கப் பூர்வகுடி வேடமிட்டவர்கள் தாக்குவதும், ஃப்ரெட் கிர்பி என்ற தொலைக்காட்சி கௌபாய் வந்து காப்பதும் பயணத்தின் அங்கமாயின.

இந்தப் பகுதியைப் பற்றி என் தீர்ப்பு கடுமையானது. 12ஆம் எண் மேற்குப் பாலைவனம் எதையும் கண்டதில்லை. அது ஓடிய மலைகள் செரோக்கி மக்களின் பூர்வீக நிலம். அவர்களில் பெரும்பாலோர் 1838இல் அரசாங்கத்தால் தங்கள் நிலத்திலிருந்து விரட்டப்பட்டார்கள், வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதே மலையில் பூர்வகுடியை வில்லனாக்கி நாடகம் போட்டது வரலாற்றுக்கும் பொய், அந்த மக்களுக்கும் அவமதிப்பு. ரயில் அன்பர்கள் பூங்காவின் மீது வைக்கும் குற்றச்சாட்டுகளில் வண்ணப்பூச்சும் அலங்கார விளக்கும்தான் முதலில் வரும். எனக்கு இந்த நாடகம்தான் முதலில் உறுத்துகிறது. பெயிண்டை ஒரு வாரத்தில் சுரண்டி மாற்றிவிடலாம்.

இருந்தும் ஒன்றை மறுக்க முடியவில்லை. அந்த நாடகத்துக்கு வந்த கூட்டம்தான் பாய்லருக்குக் கரி போட்டது. அன்பர்களின் தூய ரயில் ஒன்றரை ஆண்டில் முடிந்தது. வியாபாரியின் வேஷ ரயில் அறுபது ஆண்டைத் தாண்டிவிட்டது.

இது ஒரு பூங்காவின் தற்செயலா என்று கேட்கலாம். கொலராடோவின் ரியோ கிராண்ட் சதர்ன் என்ற நேரோகேஜ் ரயிலின் இரண்டு என்ஜின்களை அருகருகே வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். அந்த ரயில் 1951 முடிவில் நின்றது. 1899இல் செய்யப்பட்ட 20ஆம் எண் என்ஜினை ராக்கி மவுண்டன் ரயில்ரோடு கிளப் என்ற அன்பர் சங்கம் 1952இல் வாங்கியது. பின்னர் அது கோல்டன் நகரிலுள்ள கொலராடோ ரயில்ரோடு அருங்காட்சியகத்தில் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க் பட்டறையில் பல ஆண்டு வேலை நடந்து, 2020இல்தான் மறுபடி ஆவி விட்டது. 1881இல் செய்யப்பட்ட 41ஆம் எண்ணோ கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்காவுக்குப் போனது. பெர்ரிப் பழத் தோட்டமும் கோழி வறுவல் சாப்பாட்டுக் கடையும் வைத்திருந்த வால்டர் நாட், 1952 ஜனவரியில் தன் பூங்காவில் கோஸ்ட் டவுன் அண்டு காலிகோ ரயில்ரோடைத் திறந்தார். டென்வர் அண்டு ரியோ கிராண்ட் வெஸ்டர்னின் 340ஆம் எண்ணும் 41ஆம் எண்ணும் அங்கே மாறி மாறி ஓடுகின்றன. இரண்டும் ஒரே ஆண்டில் பால்ட்வினில் பிறந்தவை. அங்கும் முகமூடிக் கொள்ளையர் உண்டு, துப்பாக்கி உண்டு.

சங்கம் காத்த என்ஜின் ஏறத்தாழ எழுபது ஆண்டு குளிர்ந்து கிடந்தது. பூங்கா வாங்கிய என்ஜின் அந்தக் காலம் முழுதும் சூடாக இருந்தது. ஆனால் குளிர்ந்து கிடந்ததற்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அதன் பழைய உலோகம் தேயவில்லை. 1951இல் ரயில்காரர் விட்டுப்போன நிலையை ஆய்வாளர் அதில் படிக்க முடிந்தது. ஓடுகிற என்ஜின் நாள்தோறும் தன் சான்றுகளைத் தானே தின்கிறது.

அது எப்படித் தின்கிறது என்பதைப் பட்டறைக்குள் போய்ப் பார்த்தால்தான் புரியும். நீராவி என்ஜினில் மிக ஆபத்தான இடம், கரி எரியும் நெருப்புப் பெட்டியின் கூரைத் தகடு. கீழே கொழுந்துவிட்டு எரியும் தீ, மேலே கொதிக்கும் தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் தகட்டைக் காக்கிறது. தண்ணீர் மட்டம் தகட்டுக்குக் கீழே இறங்கினால் சில நிமிடங்களில் எஃகு செக்கச்செவேலென்று இளகி, ஆவியழுத்தம் தாங்காமல் உள்நோக்கிப் பிதுங்கும். தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயில் ஃபயர்மேனின் கண் ஓயாமல் இருப்பது இதற்காகத்தான். 1995 ஜூனில் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் சுற்றுலா ரயிலில் இது நடந்தது. கண்ணாடிக் குழாயின் வழி அழுக்கு அடைத்து மட்டத்தைத் தப்பாகக் காட்டியிருந்தது. கூரைத் தகடு விட்டுப்போய் வண்டியோட்டிகள் மூவரும் தீக்காயப்பட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. அதன் பிறகு அமெரிக்கக் கூட்டரசு நீராவி என்ஜின் விதிகளைத் திருத்தி எழுதியது. பொது ரயில் பாதைத் தொடர்புள்ள என்ஜின்கள் 1,472 வேலை நாளுக்கு ஒரு முறை, அல்லது 15 ஆண்டுக்கு ஒரு முறை, எது முதலில் வருகிறதோ அப்போது, பாய்லரை முழுக்கப் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்பது அந்த விதி. பூங்காவின் வேலிக்குள்ளேயே சுற்றும் ரயில்கள் பெரும்பாலும் மாநில ஆய்வாளர்களின் கண்காணிப்பில் வருகின்றன. பாய்லருக்கோ இந்த வேறுபாடு தெரியாது.

நெருப்புப் பெட்டியின் சுவரையும் அதற்கு வெளியே உள்ள பாய்லர் சுவரையும் நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உள்சுவர் சூட்டில் அதிகம் விரியும், வெளிச்சுவர் குறைவாக விரியும். அந்த இழுபறி முழுவதையும் போல்ட் தாங்குகிறது. என்றாவது ஒரு நாள் விரிசல் விட்டு ஒடியும். ஒடிந்தது வெளியே தெரியாது. அதற்காகப் பழைய கைவினைஞர்கள் ஓர் எளிய உபாயம் வைத்தார்கள்: போல்ட்டின் நடுத்தண்டில் தலையிலிருந்து ஒரு மெல்லிய துளை. போல்ட் ஒடிந்தால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கசிந்து பொட்டாகத் தெரியும். காலையில் பாய்லரைச் சுற்றி வருபவர் அந்தப் பொட்டைத் தேடுகிறார். தேடினால் மட்டும் போதாது, கண்டதும் அன்றைய ஓட்டத்தை நிறுத்தும் மனமும் வேண்டும். டிக்கெட் வாங்கிய குடும்பங்கள் பிளாட்பாரத்தில் நிற்கும்போது அந்த மனத்தைக் காப்பது லேசான காரியமில்லை.

பாய்லருக்கு அதிகக் கேடு செய்வது சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வருவதுதான். பழைய ரயிலில் ஒரு முறை மூட்டிய என்ஜின் பல நாள் சூட்டிலேயே இருக்கும். பூங்காவில் காலையில் மூட்டி, மாலையில் தணித்து, மறுநாள் மறுபடி மூட்டுகிறார்கள். அவசரப்பட்டு மூட்டினால் குழாய் முனைகள் கசியும். எனவே பூங்கா திறப்பதற்குப் பல மணி நேரம் முன்பே யாரோ ஒருவர் விறகைப் பற்றவைத்து, மெல்ல மெல்லக் கரி சேர்த்து, ஆவி எழக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வட்டப் பாதைக்கென்று தனி நோயும் உண்டு. ஒரே திசையில் வளைந்துகொண்டே இருப்பதால் வெளிப்பக்கச் சக்கரங்களின் விளிம்பு மறுபக்கத்தைவிடச் சீக்கிரம் தேயும். டோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இடமும் வலமுமாக வளைந்து போன காலத்தில் 12ஆம் எண்ணுக்கு இந்தச் சிக்கல் வந்திருக்காது.

இப்படித் தேய்வதை மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் எது அசல்? இந்தக் கேள்வியை வைத்துப் பூங்கா என்ஜின்களை ஒதுக்குவோர் இருக்கிறார்கள். அவர்கள் மறப்பது, அசல் ரயில் காலத்திலும் இதுதான் நடந்தது என்பதை. குழாய் மாற்றாத, சக்கரப் பட்டை மாற்றாத, போல்ட் மாற்றாத என்ஜின் எந்த ரயிலிலும் ஓடியதில்லை. என்ஜின் என்பது எப்போதுமே பட்டறையோடு சேர்ந்த பொருள். பட்டறையைத் துண்டித்துவிட்டு நிறுத்திய என்ஜினைத்தான் நாம் அசலென்று கும்பிடப் பழகியிருக்கிறோம்.

எல்லாப் பூங்காவும் ஒரே அளவு பழமையைக் காப்பதில்லை என்பதும் உண்மை. 1969இல் டிஸ்னி நிறுவனத்தார் மெக்சிகோவின் யுகாட்டான் மாநிலத்துக்குப் போய், ஓய்ந்து கிடந்த பால்ட்வின் என்ஜின்களை வாங்கி ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றின் பாய்லர்கள் புதிதாகச் செய்யப்பட்டன. 1880களின் என்ஜின் போலத் தெரிய வேண்டுமென்று முன்புறமும் ஓட்டுநர் அறையும் மாற்றப்பட்டன. உண்மையில் அவை 20ஆம் நூற்றாண்டு என்ஜின்கள். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் ஓடும் 'ஃப்ரெட் கர்லி' 1894இல் பிறந்து, லூசியானாவில் கரும்பு இழுத்தது. 1958இல் பூங்கா ரயிலாக மறுபிறவி எடுத்தது. அதிலும் மாற்றம் ஏராளம். 12ஆம் எண்ணோடு ஒப்பிட்டால் டிஸ்னி என்ஜின்கள் அதிகம் திருத்தி எழுதப்பட்ட சுவடிகள்.

அதே டிஸ்னிலேண்டைத் தொடங்கியதே ரயில் பித்துதான் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அநியாயமாகும். வால்ட் டிஸ்னியின் படக்கூடத்தில் வேலை செய்த ஓவியர் வார்ட் கிம்பல், 1938இலேயே 1881ஆம் ஆண்டின் நேரோகேஜ் என்ஜின் ஒன்றை வாங்கித் தன் வீட்டுத் தோட்டத்தில் தண்டவாளம் போட்டு ஓட்டியவர். 1948இல் அவரும் டிஸ்னியும் சிகாகோ ரயில் கண்காட்சிக்குச் சேர்ந்து போனார்கள். திரும்பிய டிஸ்னி தன் வீட்டைச் சுற்றி எட்டில் ஒரு பங்கு அளவில் ஆவி ரயில் விட்டார். 1955இல் பூங்கா திறந்தபோது அதன் எல்லையைச் சுற்றி ரயில் ஓடியது. அன்பர் என்றும் வியாபாரி என்றும் இரண்டு முகாம் பிரித்துப் பேசுவது வசதியாக இருக்கிறது. ஆட்களைப் பார்த்தால் அந்தக் கோடு அழிந்துவிடுகிறது.

ட்வீட்சி பூங்காவுக்கு 1960இல் துணைக்கு வந்த 190ஆம் எண் என்ஜினைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும், அதில் நமக்கும் ஒரு பங்கு இருப்பதால். 1943இல் அமெரிக்க ராணுவத்துக்காக பால்ட்வின் செய்த இந்த என்ஜின், 12ஆம் எண்ணின் உடன்பிறப்புகள் மாண்ட அதே வொயிட் பாஸ் ரயிலில் உழைத்துவிட்டு வந்தது. அது சேர்ந்த எஸ்118 என்ற வகை, பல ஒடுங்கிய பாதைகளுக்கும் பொருந்தும்படி வரையப்பட்டது. அதே வரைபடத்தின் மீட்டர்கேஜ் உருவம்தான் இரண்டாம் உலகப் போரில் கிழக்கிந்தியப் போர்முனைக்குச் சரக்கு இழுக்க இந்தியாவுக்கு வந்து இறங்கியது. எம்.ஏ.டபிள்யூ.டி. என்று நம் மீட்டர்கேஜ் பணிமனைகளில் பெயர் பெற்றது. பர்மாவிலும் மலாயாவிலும் அந்த வகை ஓடியது. நம்மிடம் வந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை பழைய இரும்பாகிவிட்டன. அவற்றின் ஒன்றுவிட்ட சகோதரன் ஒன்று ப்ளூ ரிட்ஜ் மலையில் குழந்தைகளைச் சுமந்துகொண்டு இன்றும் கரி தின்கிறது.

இரண்டு என்ஜின்களை அறுபது ஆண்டு ஓட்டியதால் ட்வீட்சியில் விளைந்த இன்னொன்று அதன் பட்டறை. அங்கே தகடு வளைக்கிறார்கள், குழாய் மாற்றுகிறார்கள், உதிரிப் பாகங்களுக்கு வார்ப்பு அச்சு செய்கிறார்கள். பூங்காக்களுக்கென்றே சிறு நீராவி என்ஜின்கள் செய்துவந்த க்ரௌன் மெட்டல் நிறுவனம் அத்தொழிலை விட்டபோது அதன் அச்சுகளும் பாகங்களும் ட்வீட்சியிடம் வந்து சேர்ந்தன. பிற பூங்காக்களின் நோயுற்ற என்ஜின்கள் இந்தப் பட்டறைக்குப் பழுது பார்க்க வருகின்றன. ராபின்ஸ் குடும்பம் 1961இல் டென்னசியின் பிஜன் ஃபோர்ஜில் தொடங்கிய இன்னொரு ரயில் பூங்கா பலர் கைமாறி, பாடகி டாலி பார்ட்டன் பெயரில் 1986 முதல் டாலிவுட் ஆயிற்று. அங்கே ஓடும் என்ஜின்களும் 190 உழைத்த அதே வொயிட் பாஸ் ரயிலிலிருந்து வந்தவைதாம். கரி என்ஜினுக்கு ஃபயர்மேன் பயிற்சி தரும் இடங்கள் இன்றைய அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் சில, ராட்டினத்துக்கும் மிட்டாய்க் கடைக்கும் பக்கத்தில் இருக்கின்றன.

அன்பர்களுக்கும் பூங்காவுக்கும் காலப்போக்கில் ஒரு சமரசம் ஏற்பட்டது. 1992இல் 12ஆம் எண் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. பழைய ரயிலின் வரலாற்றுச் சங்கத்தோடு சேர்ந்து பூங்கா ஆண்டுதோறும் ரயில் மரபு வார இறுதி நடத்துகிறது. அன்று இரண்டு என்ஜின்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி ஓட்டுகிறார்கள். படம் எடுக்க வருபவர்களுக்காக மலைச்சரிவில் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, மறுபடி புகை தள்ளிக்கொண்டு வரச் செய்கிறார்கள். பட்டறையைத் திறந்து காட்டுகிறார்கள். 2017இல் என்ஜினுக்கு நூறு வயது நிறைந்தபோது அந்தக் கொண்டாட்டத்துக்கு வந்தவர்களில் மாதிரி ரயில் கட்டுவோரும் இருந்தார்கள். அதற்குக் காரணமுண்டு. பாக்மன் நிறுவனத்தின் 'பிக் ஹாலர்' என்ற தோட்ட ரயில் என்ஜின், 1980களின் பிற்பகுதியிலிருந்து உலகெங்கும் விற்றது. அது இந்தப் பத்துச் சக்கர என்ஜின்களின் சாயலில் செய்யப்பட்டதுதான். வட கரோலினா என்ற பெயரையே கேட்டிராத பலர் வீட்டில் 12ஆம் எண்ணின் நிழல் ஓடியிருக்கிறது.

சமரசம் வந்துவிட்டாலும் அன்பர்களின் பார்வையில் ஒரு குறை மிஞ்சி நிற்கிறது. பழைய ரயிலின் ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார்கள். கிழக்கு டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் அப்பலாச்சியா ஆவணக் காப்பகத்தில் அந்தக் கம்பெனியின் ஆவணங்கள் பத்திரமாக இருக்கின்றன. ஜான்சன் சிட்டிக்கும் எலிசபெத்டனுக்கும் இடையே பழைய ரயில் தடத்திலேயே நடைபாதை போட்டு அதற்கு ட்வீட்சி என்று பெயரும் வைத்தாயிற்று. இத்தனை அக்கறை காட்டியவர்கள் பூங்கா ஆண்டுகளின் பட்டறை ஏடுகளை அதே ஆவலோடு கேட்டுப் படிப்பதில்லை. எந்த ஆண்டு எந்தப் போல்ட் ஒடிந்தது, எந்தக் குழாய் எத்தனை கோடைக்காலம் தாங்கியது, எந்தக் கரி எப்படி எரிந்தது, தினமும் மூட்டி அணைத்ததில் தகடு எவ்வளவு மெலிந்தது என்ற விவரங்கள் அவற்றில்தான் இருக்கும். ஒரே நேரோகேஜ் என்ஜின் ஒரே பாதையில் அறுபது ஆண்டுக்கு மேல் ஓயாமல் ஓடிய பதிவு அது. அப்படியொரு பதிவு பழைய ரயில் கம்பெனிகளிடம் கிடைப்பது அரிது. பெரும்பாலான ரயில்கள் ஒரு என்ஜினை அவ்வளவு காலம் வைத்திருந்ததில்லை. வண்டியோட்டியவர்களின் நினைவும் அப்படித்தான். 1917 முதல் 1950 வரை ஓட்டியவர்களை முதியவர்களான பிறகு தேடிப் போய்ப் பேட்டி எடுத்தார்கள். 1957க்குப் பிறகு ஓட்டியவர்களில் முதல் தலைமுறை இப்போது அதே வயதில் இருக்கிறது. அவர்களையும் இன்றே தேடிப் போக வேண்டும், பட்டறை ஏடுகளின் படி ஒன்றும் அந்தக் காப்பகத்தில் பழைய ரயில் ஆவணங்களுக்குப் பக்கத்தில் சேர வேண்டும்.